வானத்தில் இருக்கும் ரேடியோவுக்குப் பாலாறு தெரியாது



கொஞ்சம் நீளமான பதிவு. "டீச்சர் மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்க" என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். வருகைப் பதிவேட்டில் கை வைக்க மாட்டேன்.

போன வாரம் நம்முடைய 94-ஆம் வருட பேட்ச் குழுவில், நியூஜெர்சியில் இருக்கும் மாணவர் ஒருவர் எழுதியிருந்தார். சென்னையில் விமானம் இறங்கி, வாடகைக் காரில் குடும்பத்தோடு ஆம்பூர் வந்திருக்கிறார். பாதி வழியில் சென்னை எஃப்எம் கரகரத்து நின்றுவிட்டதாம். போனில் பாட்டுப் போட்டால் அதுவும் விட்டு விட்டு வந்ததாம். "அமெரிக்காவில் ஆயிரம் மைல் போனாலும் சாட்டிலைட் ரேடியோவில் ஒரே சேனல் அறுபடாமல் வரும். இதில் இந்தியா இருபது வருஷம் பின்னால் இருக்கிறது. நம் நெடுஞ்சாலைக்கு உடனே வேண்டியது அதுதான்" என்று முடித்திருந்தார். அதற்குக் கீழே ஏகப்பட்ட கட்டைவிரல்கள். அதில் என் சொந்த அண்ணன் மகளின் கட்டைவிரலும் ஒன்று!

அந்தப் பிள்ளை வகுப்பில் கெட்டிக்காரர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் பதிவில் இரண்டு தவறு இருக்கிறது. முதலாவது வரலாற்றுத் தவறு, அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டு விட்டுவிடலாம். இரண்டாவது தவறு நம் உயிரோடு சம்பந்தப்பட்டது. அதை விட மாட்டேன்.

முதலில் வரலாறு.

சாட்டிலைட் ரேடியோ இந்தியாவுக்குத் தெரியாத பொருள் இல்லை. வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற நிறுவனத்தின் ஏசியாஸ்டார் செயற்கைக்கோள் 2000 மார்ச்சில் விண்ணுக்குப் போனது. அமெரிக்காவில் எக்ஸ்எம் சேவை தொடங்கியது 2001 செப்டம்பரில், சிரியஸ் 2002-இல். அவை இரண்டும் 2008-இல் ஒன்றாகித்தான் இன்று நம் பிள்ளைகள் சந்தா கட்டும் சிரியஸ் எக்ஸ்எம் ஆனது. ஆக, கணக்குப்படி நம் தலைக்கு மேல்தான் அது முதலில் வந்தது. வேர்ல்ட்ஸ்பேஸின் சந்தாதாரர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். ஏ.ஆர். ரஹ்மான் அதற்கு விளம்பரத் தூதராக இருந்தார். தமிழுக்கென்றே கே.எல். ரேடியோ என்று ஒரு சேனல் இருந்தது.

அதை நான் ஆம்பூரில், தோல் வியாபாரம் செய்த உறவினர் வீட்டில் கேட்டிருக்கிறேன். மாடியில் சின்னத் தட்டு போல ஓர் ஆன்டெனா. அதைக் கிழக்கு வானம் பார்த்துத் திருப்பி வைத்தால், கீழே கூடத்தில் பழைய பாட்டு கண்ணாடி மாதிரி வரும். இரைச்சல் கிடையாது, இரண்டு பாட்டுக்கு ஒரு பல்பொடி விளம்பரம் கிடையாது. வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தேன். நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும்: அது அருமையான சேவை.

அப்படியானால் காருக்குள் ஏன் வரவில்லை? இங்கே ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் கொஞ்சம் தேவை. அந்தச் செயற்கைக்கோள் 105 டிகிரி கிழக்கில், சிங்கப்பூருக்குச் சற்றுக் கிழக்கே, பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்றது. அங்கிருந்து வரும் அலை நம்மிடம் சேரும்போது மிகவும் மெலிந்திருக்கும். ஆன்டெனா அதை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு கட்டடம், ஒரு பாலம், ஒரு புளியமரம் வந்தாலே போச்சு. ஓடுகிற வண்டி எந்தத் திசையில் நிற்கும்? அதனால்தான் அமெரிக்காவில் செயற்கைக்கோளை மட்டும் நம்பவில்லை. ஊர்களுக்குள் நூற்றுக்கணக்கான தரைவழி மறு ஒலிபரப்பிகளை நட்டார்கள். பெட்டிக்குள்ளேயே சில விநாடி ஒலியைச் சேமித்து வைத்து, பாலத்தடியில் அறுந்தாலும் காதுக்குத் தெரியாமல் ஒட்டினார்கள். "வானத்திலிருந்து வருகிறது" என்று நம் பிள்ளைகள் நினைப்பதில் ஒரு பங்கு பக்கத்துத் தெருக் கம்பத்திலிருந்து வருவதுதான்.

அந்தக் கம்பங்களை இங்கே நடுவதற்குக் கொள்கை வேண்டும். 2005-இல் டிராய் பரிந்துரை கொடுத்தது. அது காகிதத்திலேயே நின்றது. அதே 2005-இல் இஸ்ரோவின் வணிகப் பிரிவான ஆன்ட்ரிக்ஸ், தேவாஸ் என்ற நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. எஸ் அலைவரிசையில் கைப்பேசிக்கும் ஓடும் வண்டிக்கும் செயற்கைக்கோளிலிருந்தே ஒலியும் படமும் தருவது திட்டம். 2011-இல் அரசு அதை ரத்து செய்தது. வழக்கு பல நாட்டு நீதிமன்றங்கள் ஏறியது. நம் உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்தை மோசடிக்காகக் கலைத்தது சரியே என்று 2022-இல் சொன்னது. அந்தத் திட்டத்துக்காக நினைத்த ஜிசாட்-6 செயற்கைக்கோள் 2015-இல் மேலே போனது, ஆனால் உங்கள் காருக்குப் பாட்டுப் போட இல்லை.

இதற்கு நடுவில் வேர்ல்ட்ஸ்பேஸ் தாய் நிறுவனம் 2008 அக்டோபரில் திவால் மனு போட்டது. 2009 டிசம்பர் 31-ஆம் தேதியோடு இந்தியச் சேவை நின்றது. நாடு முழுக்க வீடுகளில் இருந்த அந்தப் பெட்டிகள் ஒரே இரவில் வெறும் பெட்டி ஆயின.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். நான் சொல்ல வந்தது இங்கேதான் தொடங்குகிறது.

என் அப்பா வாங்கிய மர்ஃபி ரேடியோவுக்கு வருடா வருடம் அஞ்சல் அலுவலகத்தில் உரிமக் கட்டணம் கட்டினோம். 720-இல் முள் நின்றால் சென்னை. கொஞ்சம் நகர்த்தினால் இலங்கை வானொலி, கே.எஸ். ராஜா குரலும் அப்துல் ஹமீது குரலும் குடியாத்தத்துத் தறி ஓசைக்கு மேலே கேட்கும். ஒரு நிலையம் மூடினால் அடுத்த நிலையத்துக்கு முள்ளைத் திருப்பிக்கொள்ளலாம். கம்பெனி செத்தால் பெட்டி சாகாது. அந்தப் பெட்டிக்குப் பூட்டும் கிடையாது, சாவியும் கிடையாது. பூட்டிய அலைக்குச் சந்தா கட்டி வாங்கும் பெட்டி அப்படி இல்லை. சாவி வைத்திருப்பவர் ஊரை விட்டுப் போனால் நாம் வாசலில்தான் நிற்க வேண்டும்.

"டீச்சர், பழைய கதை வேண்டாம், வேறு நல்ல கம்பெனி வந்தால்?" என்று கேட்பீர்கள். வரட்டும். அப்போதும் நான் சொல்லும் இரண்டாவது தவறு அப்படியே இருக்கும். சாட்டிலைட் ரேடியோவுக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாது. அதன் பெருமையே அதுதான். எங்கே போனாலும் ஒரே குரல். ராணிப்பேட்டையிலும் அதே பாட்டு, கிருஷ்ணகிரியிலும் அதே பாட்டு. நெவாடா பாலைவனத்தில் நெடுந்தூரத்துக்கு ஓர் ஊர் இல்லாத சாலையில் அது வரம்தான், ஒத்துக்கொள்கிறேன். நம் சாலை அப்படியா? வாலாஜா, வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என்று மூச்சு விடுவதற்குள் ஊர் வருகிற சாலை. கூடவே பாலாறும் வருகிறது. பல மாதம் வெறும் மணல். வந்தால் மட்டும் சொல்லிக்கொண்டு வராது. 1903-இல் வாணியம்பாடிக்கு என்ன செய்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அவர்களுடைய பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பார்கள்.

2021 நவம்பரை நினைத்துப் பாருங்கள். பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. குடியாத்தத்தில் கவுண்டன்ய நதி தெருவுக்குள் வந்தது. தரைப்பாலங்கள் மூழ்கின. நவம்பர் 19-ஆம் தேதி பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அதில் நான்கு பேர் குழந்தைகள்.

அந்த வாரத்தில் ஓர் இரவு என் தங்கை மகன் ஃபினிஷ்டு தோல் லோடு ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்பினான். பள்ளிகொண்டா பக்கம் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. முன்னால் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. கேபினில் பென்டிரைவ்; அதில் ஆயிரம் பாட்டு. போனில் எங்கள் குடும்பக் குழு. அந்தக் குழுவில் அன்றிரவு வந்தவை என்ன தெரியுமா? "அணை உடைந்துவிட்டதாம், உடனே பகிரவும்." ஐந்து பேர் ஐந்து விதமாகப் பகிர்ந்தார்கள். எந்த அணை, எந்த ஊர், யார் சொன்னது? ஒன்றும் கிடையாது. அதில் ஒன்றைப் பகிர்ந்தது நான். நாற்பது வருஷம் "ஆதாரம் எங்கே?" என்று பிள்ளைகளைக் கேட்ட நான்! பிறகு போனும் சார்ஜ் இல்லாமல் அணைந்தது. அவன் விடிய விடிய கேபினில் உட்கார்ந்திருந்தான். என் தங்கை விடிய விடிய வாசலில் உட்கார்ந்திருந்தாள். காலையில் டீக்கடைக்காரர் சொல்லித்தான் சுற்றுப்பாதை தெரிந்தது.

அந்த இரவு அவன் வண்டியில் உலகத்திலேயே சிறந்த சாட்டிலைட் ரேடியோ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? துல்லியமாக, அறுபடாமல், இளையராஜா வந்திருப்பார். நல்லதுதான். "பள்ளிகொண்டாவில் நிற்கும் வண்டிகள் இந்த வழியாகத் திரும்புங்கள்" என்று யார் சொல்லியிருப்பார்கள்? ரேடியோ இருந்தால் பேரணாம்பட்டில் அந்த உயிர்கள் பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பாவம். பேரிடரில் நம் காதுக்கு வேண்டியது நம் ஊர் பெயரைச் சொல்லும் குரல் என்று மட்டும் சொல்கிறேன்.

"போனில் அரசு எச்சரிக்கை வருகிறதே?" வருகிறது. 2023-இல் சோதனைக்காக எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியதே, என் பக்கத்து வீட்டுப் பாட்டி பாத்திரத்தையே கீழே போட்டுவிட்டார். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் "கனமழைக்கு வாய்ப்பு" என்று நான்கு வரி வருவதும், ஒரு மனிதர் உட்கார்ந்து "இந்தப் பாலம் மூடியாச்சு, அந்தப் பாலம் திறந்திருக்கு, ஷூ கம்பெனி வண்டிகள் இன்று வராது" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்வதும் ஒன்றா? போன் கோபுரத்துக்குக் கரண்ட் வேண்டும், போனுக்குச் சார்ஜ் வேண்டும். ரேடியோவுக்கு வண்டி பேட்டரி போதும். ஒரு குரலைப் பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் அலைக்கு நெரிசல் கிடையாது. இது உங்களுக்கு நான் நடத்திய பாடம்தான்.

நியூஜெர்சி மாணவருக்கு இன்னொன்று. சாட்டிலைட் ரேடியோ பிறந்து வளர்ந்த உங்கள் அமெரிக்காவிலேயே, சில கார் கம்பெனிகள் மின்சாரக் கார்களிலிருந்து ஏஎம் ரேடியோவை எடுத்தபோது என்ன நடந்தது? 2023-இல் இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து, எல்லா வண்டியிலும் ஏஎம் ரேடியோ இருந்தே ஆக வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார்கள். காரணம் பாட்டு இல்லை. புயல், வெள்ளம், தீ வரும்போது மக்களுக்குச் சொல்ல வேறு வழி அறுந்துபோகும் என்பதுதான். ஃபோர்டு நிறுவனம் தன் முடிவையே மாற்றிக்கொண்டது. உங்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் "சாலைத் தகவலுக்கு இந்த ஏஎம் அலைவரிசை" என்று பலகை பார்த்திருப்பீர்களே? ஊருக்கு வந்து அதை ஏன் கேட்கவில்லை?

இங்கே நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? அகில இந்திய வானொலி பல ஊர்களில் மீடியம் வேவ் நிலையங்களை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. ஒரு முணுமுணுப்பு இல்லை. முப்பதுக்கும் மேற்பட்ட மீடியம் வேவ் நிலையங்களில் மக்கள் பணத்தைப் போட்டு டிஆர்எம் என்ற டிஜிட்டல் முறையை வைத்தார்கள். மீடியம் வேவின் தூரமும் எஃப்எம் போன்ற தெளிவும் சேர்ந்த முறை அது. அதை வாங்கும் ரேடியோ சில வருடங்களாகப் பல மாருதி, ஹூண்டாய் கார்களில் கம்பெனியே பொருத்தித் தருகிறது. உங்களில் கார் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் அந்தப் பொத்தானை அழுத்திப் பார்த்தீர்கள்? என் மருமகனிடம் கேட்டேன். "அது எதுக்கோ தெரியல அத்தை, ப்ளூடூத் போட்டுக்கறேன்" என்றார். பொத்தானை நாம் அழுத்தவில்லை என்றால், கேட்பவர் இல்லை என்று கோப்பில் எழுதி நிலையத்தை மூடுவார்கள். 1952-இல் மத்திய அமைச்சர் கேஸ்கர் வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது, மக்கள் முள்ளைத் திருப்பிக்கொண்டு இலங்கைக்குப் போனார்கள். அதனால்தான் 1957-இல் விவித் பாரதி வந்தது. கேட்பவர்களுக்கு அந்த அளவு பலம் இருக்கிறது. நாமோ எந்தப் பக்கமும் திருப்பாமல் அணைத்துவிட்டுப் போகிறோம்.

தனியார் எஃப்எம்கள் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது என்பது விதி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, அது வேறு சண்டை. ஆனால் 2011-இல் வந்த மூன்றாம் கட்ட எஃப்எம் கொள்கையைப் படித்துப் பாருங்கள். போக்குவரத்து, வானிலை, மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம் பற்றி உள்ளூர் நிர்வாகம் தரும் தகவல் "செய்தி" கணக்கில் வராது. சொல்லலாம், தடை இல்லை. சொல்ல மனம்தான் வேண்டும். வெள்ளம் வரும் நாளிலும் யாரையாவது போனில் கூப்பிட்டுக் கலாய்க்கும் நிகழ்ச்சிதான் போடுவோம் என்றால், அந்த அலைவரிசை யாருடைய சொத்து என்று நாம் கேட்க வேண்டும். அது காற்று. நம்முடையது.

சமுதாய வானொலி என்று ஒன்றும் இருக்கிறது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் 2004-லேயே தொடங்கியது. 2006-லிருந்து தொண்டு அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம். நூறு வாட் சக்தி, சுமார் பத்துக் கிலோமீட்டர் சுற்றளவு. "வெறும் பத்தா?" என்று சிரிக்காதீர்கள். வேலூரில் ஒன்று, ஆம்பூரில் ஒன்று, வாணியம்பாடியில் ஒன்று, ஒவ்வொன்றின் எல்லையிலும் சாலையோரம் அலைவரிசை எண் எழுதிய ஒரு பலகை. போதாதா? ஷூ கம்பெனி வேனில் விடியற்காலையில் வரும் நம் பெண்களும் கேட்கலாம், தோல் லோடு ஏற்றிய லாரியும் கேட்கலாம், அமெரிக்காவிலிருந்து வந்த வாடகைக் காரும் கேட்கலாம். சந்தா இல்லை. சாவி இல்லை. தமிழிலும் உருதுவிலும் தெலுங்கிலும் பேசலாம். நம் ஊர் அப்படித்தானே பேசுகிறது?

எனவே இந்த வாரத்து வீட்டுப்பாடம்.

கார் வைத்திருப்பவர்கள்: இன்றே ரேடியோ பொத்தானைத் தேடிப் பிடித்து ஏஎம், டிஆர்எம் இரண்டையும் தட்டிப் பாருங்கள். என்ன வருகிறது, எந்த ஊரில் அறுகிறது என்று கீழே எழுதுங்கள். தொகுத்து வானொலி நிலையத்துக்கு நானே கடிதம் எழுதுகிறேன். அறுபத்தெட்டு வயதிலும் என் கையெழுத்து உங்கள் கையெழுத்தை விட நன்றாகத்தான் இருக்கிறது.

கல்லூரி நிர்வாகத்திலும் அறக்கட்டளைகளிலும் இருக்கும் என் மாணவர்கள்: உங்களில் குறைந்தது மூன்று பேர் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். சமுதாய வானொலி உரிமத்துக்கு விண்ணப்பிப்பதைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுங்கள். கருவி எப்படி வேலை செய்கிறது என்று விளக்க நான் வருகிறேன், டீ மட்டும் போதும்.

நியூஜெர்சி மாணவரே, உங்களுக்குத் தனியாக. உங்கள் பதிவில் ஓர் ஏக்கம் இருந்தது. நீண்ட சாலையில் குடும்பமே ஒரு குரலைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும் என்ற ஏக்கம். பின் சீட்டில் ஆளுக்கொரு போன், காதில் ஆளுக்கொரு குமிழ் என்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் எழுதியிருப்பீர்கள். அந்த ஏக்கம் எனக்கும் உண்டு. அதற்காக வானத்தைப் பார்க்க வேண்டாம். அங்கே கட்டும் ஒரு வருடச் சந்தாவை இங்கே ஆம்பூரில் ஒரு கம்பம் நட அனுப்புங்கள். அடுத்த முறை வரும்போது மாதனூர் தாண்டியதும் உங்கள் காரில் நம் ஊர்க் குரல் கேட்கும். பாலாற்றில் தண்ணீர் வருகிறதா என்பதையும் அது சொல்லும்.

ஐப்பசி பிறக்கப் போகிறது. மழைக்காலத்தில் இரவில் வண்டி ஓட்டுபவர்கள் எச்சரிக்கையாக இருங்கள். யார் சொன்னது என்று தெரியாத எதையும் பகிராதீர்கள். அதை நானும் கற்றுக்கொண்டேன்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே தாராளமாக வாதம் செய்யலாம். ஆதாரத்தோடு!

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் டீச்சர்